கோணிச்சாக்கும் நான்கு தானியங்களும்: இயற்கைத் தேர்வை எண்ணிக் காட்டுவது எப்படி

பரிணாமப் பாடத்தை நடத்தி முடித்த பிறகு, ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து ஏன் நீண்டது என்று கேட்டுப் பாருங்கள். "உயரத்தில் இருக்கும் இலையை எட்டுவதற்காக" என்ற விடைதான் முதலில் வரும். உயிரி தன் வாழ்நாளில் பெற்ற பண்பு பிள்ளைகளுக்கும் இறங்கும் என்ற லாமார்க்கின் விளக்கம் ஏற்கப்படவில்லை என்று பாடநூல் தெளிவாகச் சொல்லியிருந்தும், டார்வினின் பெயரை எழுதிவிட்டு அதன் கீழே லாமார்க்கின் கருத்தை விடையாக எழுதும் தாள்களை ஆண்டுதோறும் திருத்தி வருகிறேன். மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு விலங்கு மெல்ல மெல்ல மாறுவதை மனக்கண்ணில் பார்ப்பது எளிது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வோ, மிகுதியாகத் தப்பிப் பெருகும் வகையின் பங்கு ஒரு கூட்டத்தில் கூடுவதும் இன்னொன்றின் பங்கு குறைவதும்தான்; அதை அப்படிப் பார்க்க முடியாது, எண்ணித்தான் அறிய வேண்டும்.

ஆகவே எண்ண வைத்துவிடுவதே நல்லது என்ற முடிவுக்கு வந்தேன். சமையலறையில் இருக்கும் தானியங்களையும் ஒரு கோணிச்சாக்கையும் வைத்துக்கொண்டு, இரண்டு பாடவேளைகளில் செய்து முடிக்கக்கூடிய செயல்முறை ஒன்றை இங்கே விளக்குகிறேன். வீட்டில் பிள்ளைகளுடன் செய்வதற்கும் இது பொருந்தும். ஐந்து பேர் இருந்தால் போதும். அடிப்படைச் செய்முறையின் எந்தப் படியிலும் ஒரு தானியமணிகூட நிறம் மாறாது. ஆனாலும் ஐந்தாறு சுற்றுகளில் கூட்டத்தின் நிறம் மாறிவிடும். மாறியது எது என்ற கேள்விக்கு மாணவர் தம் கையால் எழுதிய அட்டவணையே விடை சொல்லும்.

தேவையான பொருள்கள்

தோலுடன் கூடிய கறுப்பு முழு உளுந்து, தோல் நீக்கிய வெள்ளை முழு உளுந்து, பச்சைப் பயறு, கொள்ளு ஆகிய நான்கிலும் வகைக்கு ஒரு கைப்பிடி வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொன்றிலும் 25 மணிகளே களத்தில் இறங்கும் என்றாலும், "பிறக்கப்போகும்" மணிகளுக்காக ஒவ்வொரு வகையிலும் 100 மணிகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்திருங்கள். மைசூர்ப் பருப்பு கொஞ்சம் தனியாக இருக்கட்டும். அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.

தானியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அளவைக் கவனியுங்கள். முதன்முறை செய்தபோது வெள்ளைக்கு வெள்ளைக் காராமணியை எடுத்துக்கொண்டேன். அது பெரிய மணி என்பதால் கண்ணில் படுவதற்கு முன்பே கையில் தட்டுப்பட்டது. நிறத்தைச் சோதிக்க நினைத்து அளவைச் சோதித்துக்கொண்டிருந்தேன் என்பது மூன்றாம் சுற்றில்தான் புரிந்தது. உளுந்தின் இரு வடிவங்களும் பயறும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பவை. கொள்ளு சற்றே தட்டையானது, ஆனால் விரலுக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை.

களத்திற்கு ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள கோணிச்சாக்கு வேண்டும். நெசவு நெருக்கமாக இருக்கும் சாக்காகப் பாருங்கள். இழை விட்டுப்போன பழைய சாக்கில் மணிகள் அடியில் இறங்கிவிடும், பிறகு கணக்கு ஒருபோதும் நூறுக்கு வராது. எதற்கும் சாக்கின் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவையுங்கள். இரண்டாம் பகுதிக்குப் பச்சைப் பூப்போட்ட பழைய புடவைத் துண்டு ஒன்றும், கடைசியில் ஒரு வெள்ளை வேட்டியும் தேவைப்படும். ஒரே நிறத்தில் வழவழவென்று இருக்கும் துணி புடவைத் துண்டுக்கு மாற்றாக உதவாது, ஏனென்றால் அதில் ஒவ்வொரு மணியும் தன் நிழலால் காட்டிக்கொடுக்கப்பட்டுவிடும்.

வேட்டையின் விதிகள்

ஐந்து மாணவர்கள் பறவைகள். ஆளுக்கு ஒரு டம்ளர். நூறு மணிகளையும் நன்றாகக் கலந்து சாக்கின் மேல் சீராகத் தூவுங்கள். தூவும்போது பறவைகள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும்.

பறவை திரும்பிப் பார்க்கும், கண்ணில் முதலில் படும் மணியை இரு விரல்களால் எடுக்கும், மீண்டும் சுவர்ப்பக்கம் திரும்பி டம்ளரில் போடும், பிறகுதான் அடுத்த மணிக்காகத் திரும்பும். ஒவ்வொரு பறவையும் 10 மணிகள் எடுத்தவுடன் நின்றுவிட வேண்டும். ஆக 50 மணிகள் உண்ணப்பட்டன, 50 எஞ்சின.

திரும்பித் திரும்பி எடுக்கும் விதியைத் தளர்த்தாதீர்கள். குனிந்து உட்கார்ந்து நிதானமாகத் தேடினால் எந்தக் கொள்ளும் தப்பாது, நான்கு வகையும் சமமாகவே குறையும். இயற்கையில் பறவைக்கு அத்தனை அவகாசம் கிடைப்பதில்லை. அதன் தலைக்கு மேலும் ஒரு பருந்து இருக்கும். ஒரு நொடிப் பார்வையில் எது தப்புகிறது என்பதில்தான் இந்தச் செயல்முறையே அடங்கியிருக்கிறது.

வேட்டை முடிந்ததும் சாக்கை நான்கு முனையிலும் தூக்கி, எஞ்சிய மணிகளைத் தட்டில் கொட்டி, வகைவாரியாக எண்ணி எழுதுங்கள். பிறகு எஞ்சிய ஒவ்வொரு மணிக்கும் அதே வகையில் ஒரு மணியைக் கிண்ணத்திலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். இதுவே இனப்பெருக்கம். கூட்டம் மீண்டும் நூறு ஆகிவிடும்; மீண்டும் தூவலாம். எஞ்சியவை 50க்குப் பதிலாக 49 என்று வந்தால், தொலைந்த மணியைச் செய்தித்தாளில் தேடிக் கண்டுபிடிக்காமல் அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள். ஒரு மணிதானே என்று மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். நாம் பார்க்கப்போவதே அந்த ஒன்றிரண்டு மணிகளின் ஏற்ற இறக்கத்தைத்தான்.

கணக்கை எப்படிப் படிப்பது

எண்கள் எப்படி வரக்கூடும் என்பதற்குத் தாளில் போட்ட ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். உங்கள் வகுப்பில் வேறு எண்கள் வரும், வரவும் வேண்டும். முதல் சுற்றில் எஞ்சியவை கொள்ளு 20, பயறு 14, கறுப்பு உளுந்து 11, வெள்ளை உளுந்து 5 என்று கொள்வோம். இரட்டித்த பின் இரண்டாம் தலைமுறை 40, 28, 22, 10 என்று தொடங்கும். அடுத்த வேட்டையில் முறையே 30, 12, 7, 1 எஞ்சினால், மூன்றாம் தலைமுறை 60, 24, 14, 2 ஆகும். நான்காம் சுற்றில் வெள்ளை உளுந்து அற்றுப்போனால் யாரும் வியக்கமாட்டார்கள்.

இங்கே இரண்டு வேறு எண்களை மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள், அதைப் பிரித்துக் காட்டுவது உங்கள் பொறுப்பு. ஒரு வகையில் எத்தனை மணி இருக்கிறது என்பது ஒன்று. அந்த வகை என்ன விகிதத்தில் தப்பியது என்பது மற்றொன்று. முதல் சுற்றில் கொள்ளு 25இல் 20 தப்பியது, அதாவது 80 விழுக்காடு. பயறு 56 விழுக்காடு, கறுப்பு 44, வெள்ளை 20. மிகுதியாகத் தப்பிய வகையை 1 என்று வைத்து மற்றவற்றை அதனால் வகுத்தால் பயறு 0.7, கறுப்பு 0.55, வெள்ளை 0.25 என்று வரும். உயிரியலில் "தகுதி" என்று சொல்லப்படுவது இத்தகைய ஒப்பீட்டு எண்தான். அதில் வலிமைக்கோ, அழகுக்கோ, அறிவுக்கோ தனி இடமில்லை. இந்தச் சூழலில், இந்த வகை, அடுத்த தலைமுறைக்கு எத்தனை வழித்தோன்றல்களைச் சேர்த்தது என்ற கேள்வி மட்டுமே இருக்கிறது.

எல்லாத் தலைமுறைகளின் எண்களையும் கரும்பலகையில் ஒரு வரைபடமாக, நான்கு வண்ணச் சுண்ணக்கட்டிகளால் வரையச் சொல்லுங்கள். கொள்ளுக்கோடு ஏறும், வெள்ளைக்கோடு சரியும். அப்போது ஒரு மாணவரிடம் முதல் தலைமுறையின் கொள்ளு ஒன்றையும் ஐந்தாம் தலைமுறையின் கொள்ளு ஒன்றையும் கையில் கொடுத்து வேறுபாட்டைச் சொல்லச் சொல்லுங்கள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார். அந்த விடையை அப்படியே பலகையில் எழுதிவிடுவேன்.

இதே கணக்கு இங்கிலாந்தில் உயிருள்ள பூச்சிகளில் நடந்தது. மரப்பட்டையில் ஒட்டி ஓய்வெடுக்கும் ஒரு வகை அந்துப்பூச்சி, வெண்மையான சிறகில் கரும்புள்ளிகள் கொண்டது. மான்செஸ்டர் நகரில் 1848இல் முழுக் கறுப்பாக ஒன்று பதிவானது. தொழிற்சாலைப் புகை படிந்து மரங்கள் கறுத்த அந்தப் பகுதியில் 1895ஆம் ஆண்டு வாக்கில் கறுப்பு வகையின் பங்கு சுமார் 98 விழுக்காடு ஆகிவிட்டது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்து புகை குறைந்த பிறகு கறுப்பின் பங்கு தேயத் தொடங்கி, இன்று அது அரிதாகிவிட்டது. பறவைகள் எந்த நிறப் பூச்சியை மிகுதியாகத் தின்கின்றன என்று 1950களில் பெர்னார்டு கெட்டில்வெல் செய்த சோதனைகளின் முறையில் குறைகள் சுட்டப்பட்டதால், மைக்கேல் மஜீரஸ் என்பவர் கேம்பிரிட்ஜில் 2001 முதல் 2007 வரை 4,864 அந்துப்பூச்சிகளைக் கொண்டு சோதனையைத் திரும்பச் செய்தார். தூய்மையான மரங்களில் கறுப்புப் பூச்சிகளையே பறவைகள் மிகுதியாகத் தின்றன. புகை எந்தப் பூச்சியின் சிறகிலும் கரியைப் பூசவில்லை என்பதை மாணவருக்கு அழுத்திச் சொல்லுங்கள். கறுப்புக்குக் காரணமான மரபணு மாற்றம் 2016இல் அடையாளம் காணப்பட்டது. புகை செய்ததெல்லாம் அந்த மாற்றத்தைச் சுமந்த பூச்சிகளைப் பறவையின் கண்ணிலிருந்து மறைத்ததுதான்.

மூன்று எதிர்ச்சோதனைகள்

மேலே சொன்னதோடு நிறுத்திவிட்டால் அது ஒரு விளையாட்டு. கொள்ளு பெருகியதற்குச் சாக்கின் நிறம்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? பின்வரும் மூன்றையும் செய்தால்தான் அது சோதனையாகும். நேரமில்லையென்றால் இரண்டாவதை மட்டுமாவது விடாமல் செய்யுங்கள்.

முதலாவது, கண்ணைக் கட்டிக்கொண்டு வேட்டை. மீண்டும் 25 வீதம் தூவி, பறவைகளின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டி, 50 மணிகளை எடுக்கச் சொல்லுங்கள். எண்கள் அங்குமிங்கும் ஆடும், ஆனால் ஒரே திசையில் போகாது. பிறகு அதையே நூறுக்குப் பதிலாக வகைக்கு மூன்றாக 12 மணிகளை வைத்துச் செய்யுங்கள்: ஆறு எடுக்கப்படும், எஞ்சிய ஆறு இரட்டிக்கும். சில சுற்றுகளிலேயே ஏதோ ஒரு நிறம் காணாமல் போகும். தொடர்ந்தால் ஒரே நிறம் மட்டும் மிஞ்சும். அது எந்த நிறம் என்பது குழுவுக்குக் குழு வேறுபடும். இதன் பெயர் மரபியல் நகர்வு. சிறு கூட்டத்தில் தற்செயலே ஒரு வகையை அழித்துவிட முடியும் என்பதால், விகிதம் மாறிய ஒவ்வோர் இடத்திலும் இயற்கைத் தேர்வு நடந்தது என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 25 வெள்ளை உளுந்துகளைக் கெட்டியான காப்பி டிக்காஷனில் ஒரு புரட்டுப் புரட்டி உடனே எடுத்து, தாளில் பரப்பி வெயிலில் காயவையுங்கள். ஊறவிட்டால் உப்பிவிடும். காய்ந்ததும் அவை சாக்கின் நிறத்திற்கு நெருங்கிவரும். இப்போது கொள்ளு, பயறு, கறுப்பு, காப்பி பூசிய வெள்ளை என்று 25 வீதம் தூவி வேட்டையைத் தொடங்குங்கள். காப்பி பூசியவை கொள்ளோடு கொள்ளாகத் தப்பிவிடும். மாணவர்கள் மகிழ்ந்து நிற்கும்போது இனப்பெருக்கத்துக்கு வாருங்கள். காப்பி பூசிய மணிக்குப் பிறக்கும் மணி எந்தக் கிண்ணத்திலிருந்து வர வேண்டும்? வெள்ளைக் கிண்ணத்திலிருந்து. சாயம் தாயின் மேல்தோலில் இருக்கிறது, விதைக்குள் இல்லை. அடுத்த வேட்டையில் அந்தக் குழந்தைகள்தாம் முதலில் பறிபோகும். வாழ்நாளில் பெற்ற பண்பு எவ்வளவு பயன் தந்தாலும், அது மரபுவழியாக இறங்காவிட்டால் தேர்வு அதைச் சேமித்துவைக்க வழியில்லை என்பதை இதைவிடக் கண்கூடாகக் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, திடீர்மாற்றம், அதாவது மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றம். இருபது துண்டுச்சீட்டுகளில் பதினாறை வெறுமையாக விட்டு, மற்ற நான்கில் வெள்ளை, கறுப்பு, பச்சை, செம்மஞ்சள் என்று ஒவ்வொரு நிறத்தை எழுதி மடித்து ஒரு டம்ளரில் போடுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட வேண்டும். நிறம் வந்தால், புதிதாகப் பிறந்த மணிகளில் ஒன்றைக் கண்ணை மூடி எடுத்துவிட்டு, அந்த நிற மணியை வையுங்கள்; செம்மஞ்சளுக்கு மைசூர்ப் பருப்பு. சாக்கின் மேல் செம்மஞ்சள் பளிச்சென்று தெரியும், பெரும்பாலும் பிறந்த சுற்றிலேயே அது டம்ளருக்குள் போய்விடும். உயிருள்ள கூட்டங்களில் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் மாற்றம் நிகழும் வீதம் இருபதில் நான்கைவிட மிக மிகக் குறைவு. இரண்டு பாடவேளைக்குள் முடிக்க வேண்டும் என்பதற்காகவே கூட்டிவைத்திருக்கிறோம். சீட்டு எடுப்பவர் சாக்கைப் பார்க்கவில்லை என்பதை மட்டும் அனைவரும் கவனிக்க வேண்டும்.

அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஓர் அழகான ஆய்வு இருக்கிறது. ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் இணையர் 1952இல் வெளியிட்டது. ஒரு தட்டில் பாக்டீரியாக் குடியிருப்புகளை வளர்த்து, வெல்வெட் துணி போர்த்திய உருளைக் கட்டையை அதன்மேல் ஒற்றி, அதே துணியை மருந்து கலந்த தட்டுகளில் முத்திரை குத்துவதுபோல் ஒற்றினார்கள். மருந்துத் தட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே இடங்களில்தான் குடியிருப்புகள் பிழைத்தன. பிறகு மூலத்தட்டில் அதே இடத்திலிருந்த பாக்டீரியாக்களை எடுத்துச் சோதித்தார்கள். அவை மருந்தையே பார்த்தறியாதவை. ஆனாலும் அதை எதிர்க்கும் திறன் அவற்றிடம் முன்பே இருந்தது. மருந்து அந்தத் திறனை உண்டாக்கவில்லை, இருந்ததை மட்டும் விட்டுவைத்தது.

துணியை மாற்றுதல்

சாக்கின் மேல் ஐந்தாறு தலைமுறை ஓடிய பிறகு, கூட்டம் கொள்ளு 78, பயறு 16, கறுப்பு 6, வெள்ளை 0 என்பதுபோல் வந்து நிற்கும். இப்போது சாக்கை எடுத்துவிட்டுப் பச்சைப் பூப்போட்ட புடவைத் துண்டை விரியுங்கள். தூவுவதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எழுதாமல் சொன்னால் பின்னால் எல்லாரும் சரியாகவே சொன்னதாகச் சாதிப்பார்கள். எடுத்துக்காட்டாகக் கொள்ளு 34, பயறு 13, கறுப்பு 3 என்று எஞ்சினால், அடுத்த தலைமுறை 68, 26, 6. பெரும்பான்மை இன்னும் கொள்ளுதான். ஆனால் கொள்ளு 44 விழுக்காடே தப்ப, பயறு 81 விழுக்காடு தப்பியிருக்கிறது. எண்ணிக்கைக்கும் தகுதிக்கும் இடையே உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் பலருக்கு உறைக்கிறது.

இப்படித் துணி மாறுவதை நேரில் அளந்தவர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர். காலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சின்னஞ்சிறு தீவில் 1973 முதல் பல பத்தாண்டுகள் ஒவ்வொரு ஃபின்ச் குருவிக்கும் காலில் வளையமிட்டு, அலகின் ஆழத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துவந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. மென்மையான சிறுவிதைகள் தீர்ந்துபோக, எஞ்சியது பெரும்பாலும் பெரிய, கடினமான விதைகள். அவற்றில் முக்கியமானது நம் ஊர் நெருஞ்சியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் முள்விதை. நெருஞ்சிமுள்ளில் காலை வைத்தவருக்கு அந்தக் காயின் உறுதி தெரியும். அதை உடைக்க ஆழமான அலகு வேண்டும். நடுத்தர நிலஃபின்ச் என்ற வகையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மடிந்தன. தப்பியவற்றின் அலகு சராசரியாகப் பெரிது, அடுத்த ஆண்டு அவற்றின் குஞ்சுகளின் அலகும் முந்தைய தலைமுறையைவிடச் சில விழுக்காடு பெரிது. எந்தக் குருவியின் அலகும் பஞ்சத்தில் வளரவில்லை. அளவுகோலை வைத்து ஒவ்வொரு குருவியாக அளந்திருந்ததால்தான் இதை உறுதியாகச் சொல்ல முடிந்தது.

பிறகு 1983இல் எல் நினோ வந்து பெருமழை கொட்டியது. கொடிகள் படர்ந்து சிறுவிதைகள் மலிந்தன. அடுத்து வந்த வறட்சியில் சிறிய அலகுக் குருவிகளே மிகுதியாகத் தப்பின. பத்தாண்டுக்குள் புடவையும் சாக்கும் இடம்மாறிவிட்டன.

இந்தச் செயல்முறை எங்கே பொய் சொல்லும்

தானியத்துக்குத் தாய் தந்தை என்று இருவர் இல்லை. ஒன்று அப்படியே இரண்டாகிறது. பாக்டீரியாவுக்கு இது ஏறத்தாழப் பொருந்தும், குருவிக்குப் பொருந்தாது. பாலினப் பெருக்கத்தில் பெற்றோர் இருவரின் மரபணுக்கள் கலப்பதால் வரும் விளைவுகளை இந்தச் சாக்கு காட்டாது. அதைத் தெரிந்துகொள்ளப் பருத்தி வயலுக்குப் போனால் போதும்.

காய்ப்புழுவைக் கொல்லும் நச்சுப்புரதத்தைத் தானே உண்டாக்கும் பிடி பருத்தி 2002இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. அந்த விதைப் பொட்டலத்துடன் 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையும் தனியாக வைத்துக் கொடுக்கப்பட்டது. வயலைச் சுற்றி அதை விதைக்க வேண்டும். "புழுவுக்கு எதற்குத் தீனி போடுவது?" என்று பலர் அதை விதைக்காமலேயே விட்டுவிட்டார்கள், அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வரிசைகளில் வளரும் சாதாரணப் புழுக்கள் அந்துப்பூச்சிகளாகி, நச்சைத் தாங்கித் தப்பிய அரிய ஒன்றிரண்டுடன் இணைசேரும். தாங்கும் திறனுக்கு இரு பெற்றோரிடமிருந்தும் மரபணு வந்தாக வேண்டும் என்ற நிலையில், அந்தக் கலப்பில் பிறப்பவை நச்சுக்குப் பலியாகும். புகலிடமான அந்த வரிசைகள் இல்லாத வயலில் தப்பியதும் தப்பியதுமே கூடுகின்றன. பிடி பருத்தியில் முதலில் சேர்க்கப்பட்ட நச்சுப்புரதத்தை இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்த்துநிற்பது குஜராத்தில் கண்டறியப்பட்டு 2010இல் அறிவிக்கப்பட்டது.

சாக்கில் இதன் பாதியை மட்டும் காட்டலாம். ஒரு மூலையைச் சுண்ணக்கட்டியால் பிரித்து, அதற்குள் பறவைகள் கைவைக்கக் கூடாது என்று விதி செய்யுங்கள். கொள்ளின் ஏற்றம் மெதுவாகிவிடும். இணைசேர்தலைக் காட்ட வழியில்லை என்பதை மாணவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

முடிவைத் தமிழில் எழுதுவது

செயல்முறை சரியாக நடந்தும் குறிப்பேட்டில் தவறு நுழைந்துவிடும். அதற்கு மாணவரின் அறியாமையைவிட நம் மொழிவழக்கே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். "சூழலுக்கு ஏற்பத் தகவமைத்துக்கொண்டது" என்று எழுதும்போது, அந்தக் "கொண்டது" என்ற துணைவினை வேலையைத் தானியத்தின் தலையில் ஏற்றிவிடுகிறது. குளித்துக்கொண்டான், எடுத்துக்கொண்டான் என்று, ஒருவன் தனக்காகத் தானே செய்வதைச் சொல்லும் வினை அது. கொள்ளு எதையும் செய்துகொள்ளவில்லை. சாக்கின் மேல் கிடந்தது, அவ்வளவே. எனவே முடிவை எழுதும் வாக்கியங்களில் எழுவாயாக உயிரியை வைக்காமல் பங்கையோ விகிதத்தையோ வைக்கச் சொல்லுங்கள்: "கொள்ளின் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 78 விழுக்காடாக உயர்ந்தது, ஏனெனில் சாக்கின் மேல் மற்ற வகைகள் மிகுதியாகப் பிடிபட்டன." கொஞ்சம் வறட்சியான நடைதான்.

"பரிணாம வளர்ச்சி" என்ற தொடரையும் நான் சிவப்பு மையால் சுழிப்பது வழக்கம். பரிணாமம் என்றாலே போதும். வளர்ச்சி என்றால் கீழிருந்து மேலே போவது என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உணவுக்குழல் கொண்ட முன்னோரிடமிருந்து வந்து, பிறர் குடலில் தங்கி, உடல் முழுவதாலும் உணவை உறிஞ்சும் வாழ்க்கையில் அதை இழந்துவிட்டது. அதை வளர்ச்சி என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, ஆனால் அது பரிணாமம்தான். "வலுத்தது வாழும்" என்பதும் அப்படியே. "தக்கன பிழைக்கும்" என்று நாம் தமிழாக்கும் தொடரை உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், 1864இல். டார்வின் தம் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அதை எடுத்தாண்டார். அதைத் தமிழில் வலுத்தது என்று ஆக்கியது நம் கைவேலை. சாக்கின் மேல் தப்பிய கொள்ளு வெள்ளை உளுந்தைவிட எந்த வகையில் வலுத்தது?

வேட்டி

கடைசிச் சுற்றுக்கு வெள்ளை வேட்டியை விரியுங்கள். வெள்ளை உளுந்து எப்போதோ அற்றுப்போய்விட்டது. கொள்ளு, பயறு, கறுப்பு மூன்றும் வேட்டியின் மேல் கொட்டிவைத்ததுபோல் தெரியும், பறவைகள் நொடியில் டம்ளரை நிரப்பிவிடும். இப்போது யாராவது ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார்: "சார், ஒரே ஒரு வெள்ளை போடலாமா?" கிண்ணத்தில் வெள்ளை உளுந்து அவர் கண்ணெதிரே நிறைந்திருக்கும். கிண்ணத்தைத் தொடவிடாதீர்கள். இருபது சீட்டுகள் கிடக்கும் டம்ளரைக் குலுக்கி அவர் பக்கம் நீட்டுங்கள், கண்ணை மூடி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். வெறுஞ்சீட்டு வந்தால், வெள்ளை இல்லாமலேயே அடுத்த தலைமுறையைத் தூவுங்கள்.